வாசலுக்கு வரும் நோட்டரி

(பாப்பிரெட்டிப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்தில் வயதானவர்களை வைத்துக் கவனிக்கும் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: நோட்டரி வீட்டுக்கு வருவாரா? அதே வீட்டுப் பிள்ளைகள் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி கேட்கிறார்கள்: ஆன்லைனிலேயே நோட்டரி போட்டுவிட முடியாதா? முதல் கேள்விக்கு விடை எளிது. வரலாம், சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. இரண்டாவதற்கு விடை, இன்றைய நம் நாட்டு நோட்டரிச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. ஆனாலும் முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் நம் மக்களின் நிலமும் பணமும் மாட்டிக்கொள்வதால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் சேலம். இந்தப் பக்கம் போனால் அரூர். ரயில் ஏற பொம்மிடி. வாணியாற்றுத் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கரும்பும் மரவள்ளியும் மஞ்சளும் விளைகின்றன. படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் வேலை மட்டும் வெளியூரில்: திருப்பூர், ஓசூர், பெங்களூரு. நிலம் ஓரிடத்தில், பட்டாவில் பெயர் உள்ளவர்கள் நான்கு இடங்களில் என்று பல குடும்பங்கள் இருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். அப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மகளைக் கட்டிக் கொடுத்தது ஓசூரில். இளையவன் சிங்கப்பூரில். பேத்திக்குக் கல்விக் கடன் வேண்டும், பாகம் பிரிக்க வேண்டும், அப்பாவின் வங்கிக் கணக்குக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். யாரோ ஒருவர் சொல்கிறார்: "எல்லாத்துக்கும் நோட்டரி போட்டுட்டா முடிஞ்சிது." அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொல்லை தொடங்குகிறது.

நோட்டரி என்பவர் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் வரை இந்தியாவில் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்தது. அங்கே காண்டர்பரி பேராயரின் கீழ் இயங்கும் ஒரு திருச்சபை நீதிமன்றத்தின் தலைவர்தான் நம் நாட்டு நோட்டரிக்கு உரிமம் கொடுத்துவந்தார். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்திலும் நியமனத்துக்கு ஒரு பிரிவு இருந்தது, ஆனால் அது உண்டியல், புரோநோட்டு போன்றவற்றோடு நின்றுவிடும். விடுதலை பெற்ற நாட்டில் ஒரு பத்திரத்தைச் சரிபார்க்க இங்கிலாந்துத் திருச்சபையின் அனுமதி எதற்கு என்று கேட்டுத்தான் 1952-இல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1956 பிப்ரவரி 14-இல் அது நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். வழக்கறிஞராகப் பத்து ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு ஆண்டுகள் போதும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். எந்தப் பகுதியில் தொழில் செய்யலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. முத்திரை வட்டமாக, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும். அதில் அவர் பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசு எது என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்திரத்தையும் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுத வேண்டும். வாங்கிய கட்டணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில், சென்ற ஆண்டு என்னென்ன செய்தேன் என்று அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். கட்டணப் பலகை மாட்டிய அலுவலகத்தை நீங்கள் எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ரசீது கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.

அதே விதிகளில், கட்டணத்துக்கு அடுத்து, இன்னொரு வரி இருக்கிறது. நோட்டரி வெளியே போய் வேலை செய்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பயணப்படி வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் போனாலும் சரி, சாலை வழியே போனாலும் சரி. இந்த வரியை எழுதியவர்கள் நோட்டரி மேசையை விட்டு எழுந்து போவார் என்று எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். பெருநகரங்களில் "மொபைல் நோட்டரி" என்று இன்று புதுச் சேவையாக விளம்பரம் செய்வது இந்தப் பழைய விதியைத்தான். மருத்துவமனைக் கட்டிலுக்கும் முதியோர் இல்லத்துக்கும் அங்கே நோட்டரி போகிறார். மெணசிக்கும் பையர்நத்தத்துக்கும் ஏன் வரக் கூடாது? வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குக் கேட்கலாம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

நோட்டரி வீட்டுக்கு வருவதில் வசதி ஒன்றுதான் நன்மை என்று நினைக்காதீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு மனிதன் கையெழுத்துப் போடும் இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அந்தக் கையெழுத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. அப்பாவைக் காரில் தூக்கி உட்காரவைத்துத் தாலுகா அலுவலகத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள். நோட்டரி வெளியே வந்து கார் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்க்கிறார். கட்டை விரலில் மையைத் தடவி மூன்று இடங்களில் ரேகை வாங்குகிறார்கள். அது முன்னிலை ஆகுமா? பார்த்தார் என்பது உண்மை. என்ன பார்த்தார்? தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் நோட்டரி கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார முடியும். "எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்ல முடியும். "ஐயா, இது என்ன பத்திரம்னு உங்களுக்குத் தெரியுமா? யாருக்கு எழுதிக் கொடுக்கறீங்க?" என்று கேட்டு, அவர் குழறிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க முடியும். மருமகளைப் பார்த்து அவர் முகம் எப்படிப் போகிறது, மகன் பெயரைச் சொன்னதும் எப்படிப் போகிறது என்று கவனிக்க முடியும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், அதைத் தமிழில் வாசித்துச் சொல்லி, வாசித்துச் சொன்னேன் என்று கீழே குறிக்க முடியும். இந்தக் கடைசி விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். தான் படிக்க முடியாத மொழியில் எழுதிய தாளில் ரேகை வைக்கிற ஒவ்வொருவரும் அதை எழுதிய மனிதரை நம்பியே வைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நோட்டரி காவல் நிற்க வேண்டும்.

நம் தமிழில் ஆவணச் சோதனை பற்றிய அருமையான காட்சி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் ஓலையோடு நுழைந்து, இவன் எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். நீ கிழித்தது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. பக்திக் கதையாகவே நாம் கேட்டு வளர்ந்ததால், அந்த அவை செய்த வேலையை நாம் கவனிப்பதில்லை. அவை முதியவரின் வயதைப் பார்த்து நம்பிவிடவில்லை. வழக்கத்தில் இருந்துவரும் ஆட்சியா, எழுதிய ஆவணமா, கண்ட அயலாரா, எதைக் கொண்டு நிறுவப் போகிறாய் என்று கேட்டது. மூல ஓலையை வாங்கிப் படித்தது. அதில் கையெழுத்திட்ட பாட்டனாரின் எழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் எழுத்தை எடுத்துவரச் செய்து ஒப்பிட்டது. அதன் பிறகுதான் தீர்ப்பு.

மூலமா படியா, எழுதியவர் அவர்தானா, கண்ட சாட்சி யார்? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கேட்ட இந்தக் கேள்விகளைத்தான் இன்றும் நீதிமன்றம் கேட்கிறது. கையெழுத்துப் போடும் அன்றே இவற்றுக்கு விடை எழுதி வைத்துவிட்டால், முப்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் அவைக்கு அலைய வேண்டாம். நோட்டரி வேலையின் பொருள் இதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, நோட்டரி முன்னிலையில் எழுதி அவர் உறுதிசெய்த பவரை, அதாவது அதிகாரப் பத்திரத்தை, உண்மையானது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமும் அதையே தொடர்கிறது. அவ்வளவு மதிப்பை ஒரு முத்திரைக்குச் சட்டம் கொடுப்பது, முத்திரைக்குப் பின்னால் ஒருவர் பார்த்திருக்கிறார் என்று நம்பித்தான்.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். அப்பாவின் வங்கி உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி போதும், அவரை வீட்டுக்கே அழைக்கலாம். பாகப்பிரிவினைக்கு நோட்டரி போதாது. அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குச் சார்பதிவாளர் முன் ஆஜராக வேண்டும். அப்பாவால் வர முடியாதே என்றால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தையே புரட்டிப் பாருங்கள். 31-ஆம் பிரிவு, தக்க காரணம் காட்டினால் பதிவு அலுவலர் வீட்டுக்கே போய்ப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. உடல் தளர்ச்சியால் வர இயலாதவர்கள் அலுவலகம் வரத் தேவையில்லை, அலுவலர் அவர்களிடம் போகலாம் அல்லது ஆள் அனுப்பி விசாரிக்கலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழி திறந்தே இருக்கிறது. மனுவும் மருத்துவச் சான்றும் அதற்குரிய கட்டணமும் கொடுத்தால் போதும். ஆனால் நம் ஊர்களில் பெரியவரைக் கட்டிலோடு வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், அல்லது பவர் எழுதி நோட்டரி போட்டுக்கொண்டு வந்து அலுவலகத்திலிருந்து திரும்பிப் போகிறார்கள்.

நோட்டரி போட்ட பவர் அங்கே ஏன் செல்லாது? பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் பதிவுக்காகக் கொடுக்கும் பவரை, அவர் வசிக்கும் பகுதியின் பதிவாளரோ சார்பதிவாளரோதான் உறுதிசெய்ய வேண்டும். அதற்கும் மேலே, நம் மாநிலம் செய்த திருத்தத்தின்படி 2012 டிசம்பர் 1 முதல், அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவை. திருப்பூரில் இருக்கும் மூத்த மகன் இதற்காக வேலையை விட்டுவிட்டு இங்கே வர வேண்டியதில்லை. அவர் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவரை எழுதிப் பதிந்து அனுப்பலாம். சிங்கப்பூர்க்காரருக்கு வழி வேறு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும் அதே 33-ஆம் பிரிவு நோட்டரியை ஏற்கிறது. அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலரிடமும் போகலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கை மறந்து பீரோவில் வைத்திருந்து தவிக்கிற குடும்பங்கள் உண்டு.

நோட்டரி முத்திரையால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ஏழைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். நோட்டரி போட்ட கிரய ஒப்பந்தத்தையும் பவரையும் கையில் கொடுத்துவிட்டு மனை விற்கிறார்கள். மனை உங்களுடையதாகிவிட்டது என்கிறார்கள். ஆகவில்லை. விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் சொத்துரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிந்த கிரயம் வேண்டும். தான செட்டில்மென்டும் அப்படியே. அதைப்போலவே கல்யாணம். நோட்டரி முன் எழுதி வாங்கிய திருமண ஒப்பந்தத்தைக் காட்டி நாங்கள் கணவன் மனைவி என்று நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நோட்டரி முத்திரையோடு "விடுதலைப் பத்திரம்" எழுதி மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களும் இருக்கிறார்கள். நோட்டரிக்குத் திருமணம் செய்துவைக்கவும் விவாகரத்து எழுதவும் அதிகாரமில்லை என்று மத்திய சட்டத் துறை 2024 அக்டோபரில் சுற்றறிக்கையே அனுப்பியது. அப்படி எழுதி வாங்கிய தாளை நம்பி ஒரு பெண் தன் ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. தாய்மார்கள் இதை நினைவில் வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நோட்டரியே தேவைப்படாத இடங்களில் நாம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம், பதிவுகூட விருப்பம்தான். எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் இணைப்புகளை 2016 டிசம்பர் முதல் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும். சான்றிதழ் நகல்களுக்குச் சுய சான்றொப்பமே போதும், பிரமாணப் பத்திரம் கேட்பதைக் குறையுங்கள் என்று மத்திய அரசு 2013-லிருந்து துறைகளிடமும் மாநிலங்களிடமும் சொல்லிவருகிறது. கீழ்மட்டத்தில் இருக்கும் மேசைக்கு இது வந்து சேரவில்லை. "எதற்கும் ஒரு நோட்டரி போட்டுட்டு வாங்க" என்ற வழக்கம் நின்றபாடில்லை. அப்படிச் சொல்லும் அலுவலரிடம், எந்த விதிப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இப்போது ஆன்லைன். நோட்டரிகளுக்கென மத்திய அரசு 2024 செப்டம்பர் 3-ஆம் நாள் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. செய்தியைப் பார்த்த பலர், இனி வீட்டிலிருந்தே நோட்டரி போடலாம் என்று நினைத்துவிட்டார்கள். அந்தத் தளம் நோட்டரிகளுக்கானது. நியமனம், உரிமம், புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைத் தாளில்லாமல் செய்வதற்கானது. உங்கள் பத்திரத்தை அங்கே பதிவேற்ற முடியாது. 2021 டிசம்பரில் சட்டத் துறை வெளியிட்ட திருத்த மசோதாவின் வரைவில் நோட்டரி வேலையை மின்னணு முறையில் செய்வது பற்றிய பேச்சு இருந்தது, அது சட்டமாகவில்லை.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது. ஆனால் அதன் முதல் அட்டவணை சில பத்திரங்களை விலக்கிவைத்தது: காசோலை நீங்கலான செலாவணி முறிகள், பவர் பத்திரம், டிரஸ்ட், உயில், அசையாச் சொத்து விற்பனை. 2022 செப்டம்பர் 26-இல் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கும் புரோநோட்டுக்கும் கதவைத் திறந்தார்கள். வங்கிக் கடன் வேகமாக நடக்க அது உதவும். ஆனால் அண்ணன் தம்பிக்குக் கொடுக்கும் பவர் இன்னும் வெளியேதான் நிற்கிறது. உயிலும் அப்படியே. வாட்ஸ்அப்பில் ஆதார் நகலை அனுப்பச் சொல்லி, மறுநாள் முத்திரையோடு பி.டி.எஃப். அனுப்புகிறவரை நோட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் ஆதாரை வைத்திருக்கும் யாருக்கும் அதே முத்திரையை அவர் போட்டுக் கொடுப்பார்.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. நேரில் நிற்பது என்றால் உடம்பு அங்கே இருக்க வேண்டுமா என்ற கேள்வியை நம் நீதிமன்றங்களே திறந்த மனதோடு அணுகியிருக்கின்றன. 2003-இல் பிரபுல் தேசாய் வழக்கில், காணொலியில் தோன்றிச் சாட்சி சொல்வதும் முன்னிலைதான் என்றது உச்ச நீதிமன்றம். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இன்னும் ஓரடி போனது. கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவில் இருந்த மணமகனோடு காணொலி வழியே சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்திவைக்கச் சார்பதிவாளருக்கு உத்தரவிட்டது. மூன்று சாட்சிகள் உடனிருக்க வேண்டும் என்றும், மணமகன் கொடுத்த பவரின் பேரில் அவருக்காகவும் மணமகளே கையெழுத்திடலாம் என்றும் சொன்னது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 2012-லிருந்தே இணையவழி நோட்டரியை அனுமதிக்கிறது. அங்கே முழு உரையாடலையும் காணொலியாகப் பதிந்து பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நம் பக்கத்து இலங்கையிலோ நிலைமை நேர் எதிர். 1840-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, நொத்தாரிசு எனப்படும் நோட்டரியும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருந்து எழுதினால்தான் செல்லும். நிலமென்று வந்துவிட்டால் அவர்கள் ஒரு முழம்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

நம் நாட்டில் இணையவழி நோட்டரி வர வேண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் வரிசை முக்கியம். பெயர்ப் பிழை, தொலைந்த சான்றிதழ், கல்விக் கடன் உறுதிமொழி போன்றவற்றில் முதலில் தொடங்கட்டும். அவற்றில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். நிலத்துக்கான பவர் கடைசியில் வரட்டும். கட்டிலில் கிடக்கும் பெரியவரின் கையெழுத்து வரவே வேண்டாம். செல்பேசிக்கு முன்னால் இருப்பது மட்டுமே நோட்டரிக்குத் தெரியும். செல்பேசியைப் பிடித்திருப்பது யார்? அந்தப் பெரியவரின் பூமி யாருக்குப் போகப் போகிறதோ அவராகவே இருக்கலாம். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எதிரே நின்றாலே போதும். இளையவர்களுக்குக் காணொலி நல்லது, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு மிக நல்லது. முதியவரிடம் நோட்டரி போய்த்தான் ஆக வேண்டும்.

போக முடியாதா? நாமே வேறு துறைகளில் போய்க்கொண்டிருக்கிறோம். ஓய்வூதியர்கள் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க ஆண்டுதோறும் கருவூலத்துக்கும் வங்கிக்கும் அலைந்தார்கள். 2014 நவம்பரில் மின்னணு வாழ்வுச் சான்று வந்தது. பிறகு தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு அதை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான்; சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களின் ஓட்டை வாங்கத் தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதைக் காணொலியில் பதிந்தார்கள், ரகசியமும் காத்தார்கள். ஓட்டை வீட்டில் வாங்க முடிகிற நாட்டில் ஒரு பிரமாணத்தை வாங்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆள் போதாது என்பார்கள். 2025 அக்டோபரில் தமிழ்நாட்டுக்குரிய நோட்டரி எண்ணிக்கையின் உச்சவரம்பை மத்திய அரசு 2,500-லிருந்து 3,500 ஆக உயர்த்தியிருக்கிறது. கூடுதல் இடங்கள் சென்னையிலும் கோவையிலும் குவிந்துவிடாமல், வட்டத் தலைநகரங்களுக்கு வர வேண்டும் என்று நம் வழக்கறிஞர் சங்கங்கள் கேட்க வேண்டும். இந்தப் பகுதிப் பெண் வழக்கறிஞர்கள் ஏழு ஆண்டு முடித்ததும் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களின் பத்திரங்களுக்குப் பெண் நோட்டரி வீட்டுக்கு வந்தால், நான் முன்பு சொன்ன அந்தத் தனி உரையாடல் இன்னும் எளிதாக நடக்கும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்கிறது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. வட்டம்தோறும் அதற்கான குழு அமையவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தாலே வழி சொல்வார்கள். 2017-இல் தொடங்கிய டெலி-லா திட்டத்தில் பொதுச் சேவை மையங்களிலிருந்தே வழக்கறிஞரிடம் பேசலாம். பத்திரம் எழுதுமுன் ஆலோசனை கேட்பதற்குக் காணொலி மிகப் பொருத்தம். கையெழுத்து வாங்குவதற்கு நேரில் வருவது பொருத்தம். இரண்டையும் இப்படிப் பிரித்துக்கொண்டால் போக்குவரத்துச் செலவும் பாதியாகும், ஏமாற்றும் குறையும்.

நோட்டரி உங்கள் வீட்டுக்கு வருகிற அன்று என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். அவருடைய பதிவு எண்ணையும் பகுதியையும் முத்திரையில் பாருங்கள். உரிமத்தில் எழுதிய பகுதிக்குள் நம் ஊர் வருகிறதா என்று கேளுங்கள். பதிவேட்டை உடன் கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் கையெழுத்துப் போடாமல் அவரை அனுப்பாதீர்கள். பேசிய கட்டணத்தையும் பயணப்படியையும் தனித்தனியாக எழுதி ரசீது வாங்குங்கள். எழுதாத இடமுள்ள தாளில் ரேகை வைக்க விடாதீர்கள். பெரியவரோடு அவர் தனியாகப் பேசும்போது, மகனாகவே இருந்தாலும் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

இந்த ஊர் இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் தெருவில் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் யார், அவர்களுக்கு எந்தத் தாள் நிலுவையில் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். நோட்டரி போதுமானவை, பதிவாளர் வர வேண்டியவை, எதுவும் தேவைப்படாதவை என்று இங்கே அமர்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் பிரித்துக் கொடுக்கட்டும். முதல் வகைக்கு ஊர்வாரியாக ஒரு நாள் குறித்து நோட்டரி ஒருவர் வந்து போகலாம்; இலவச உதவிக்கு உரியவர்களின் பெயர்களைச் சட்டப் பணிகள் குழுவிடம் கொடுக்கலாம். இரண்டாம் வகைக்கு 31, 38 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டுச் சார்பதிவாளருக்கு மனு எழுத வேண்டும். அந்த மனுவின் மாதிரியைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.